மஞ்சளும் குர்க்குமின் என்னும் அதன் சத்தும்: தோல் பதனிடும் பிரதேசத்துச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில் தோல் பதனிடும் சாலைகளுக்கு வேலைக்குச் சென்று வருவோர் பலர். அவர்களுள் சிலர், வேலை முடிந்து வீடு திரும்பியதும் மஞ்சள் கலந்த பால் அருந்தினால் பகலெல்லாம் உடலிற் சேர்ந்த குரோமின் கெடுதல் நீங்கிவிடும் என்று நம்புகின்றனர். வேறு சிலர், கடையில் விற்கும் மஞ்சட்சத்து மாத்திரைகளை நல்ல விலை கொடுத்து வாங்கி விழுங்குகின்றனர். இந்நம்பிக்கையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதையும், மஞ்சளைக் குறித்து நாம் மெய்யாகவே அஞ்சவேண்டியது எதை என்பதையும் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மஞ்சட்கிழங்கிற்கு அந்நிறத்தைத் தருவது குர்க்குமின் என்னும் வஸ்து. 1815-ஆம் வருஷத்தில் வோகல், பெல்லெத்தியே என்னும் இரு ரசாயன சாஸ்திரிகள் இதனை முதன்முதலாகக் கிழங்கினின்றும் பிரித்தெடுத்தார்கள். இதன் அமைப்பு 1910-ஆம் வருஷத்தில் தெளிவாயிற்று. இது சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்னும் செய்தி 1949-ஆம் வருஷத்தில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. நாம் சமையலுக்கு வாங்கும் மஞ்சளில் இது பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரையில்தான் உண்டு. எஞ்சியது மாவும், நாரும், வாசனைத் தைலமும், ஈரமுமாம். ஆகவே நாளொன்றுக்கு 2 கிராம் மஞ்சட்பொடியைக் குழம்பிலும் பொரியலிலும் உட்கொள்ளும் ஒருவருக்குச் சுமார் 60 மில்லிகிராம் குர்க்குமினே சேர்கிறது. இக்கணக்கைப் படிப்பவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இது பயன்படும்.

இவ்வஸ்துவின் குணம் ஒன்றை நம் வீட்டுப் பெண்மணிகள் எந்தச் சோதனைச் சாலைக்கும் போகாமலே அறிவர். மஞ்சள் நீரிற் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறது. மஞ்சட்கறை பட்ட வேட்டியில் சோப்பிட்டால் கறை செந்நிறமாகிறது. காரம் பட்டவுடன் குர்க்குமின் மாறுதல் அடைகிறது என்பதே இதன் பொருள். ஆரத்தி நீரை அப்படியே வைத்திருந்தால் நிறம் மங்கிப்போவதும் இவ்வஸ்து சிதைந்து போவதனாலேயே ஆகும். நமது இரத்தமும் குடலும் ஆரத்தித் தட்டைப்போல அவ்வளவு காரமுள்ளவை அல்ல; எனினும் வயிற்றுக்கு அப்பால் உள்ள நிலைமை குர்க்குமினுக்கு உகந்ததன்று. அது நீரிற் கரையாது. குடலினின்றும் இரத்தத்திற் சேர்வது மிகச் சொற்பம். சேர்ந்ததையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

பெங்களூர் ஸெயின்ட் ஜான்ஸ் வைத்தியக் கல்லூரியினர் 1998-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்குத் தக்க சான்று. ஆரோக்கியமான மனிதர்களுக்கு 2 கிராம் குர்க்குமினை மட்டும் கொடுத்துப் பார்த்ததில், இரத்தத்தில் அது ஏறக்குறையக் காணப்படவேயில்லை. அதனோடு மிளகின் காரச்சத்தாகிய பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, சேர்ந்த அளவு பன்மடங்கு, அவர்கள் கணக்கின்படி இருபது மடங்கு, உயர்ந்தது. அந்த 20 மில்லிகிராம் பத்து மிளகுக்கும் குறைவான அளவே. பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போடும் பழக்கத்திற்கு இது ஒரு நியாயம் என்று கொள்ளலாம். ஆனால் இல்லாததற்கு அண்மையான ஓர் அளவை இருபதாற் பெருக்கினாலும் வருவது சிறிய அளவே என்பதை இச்சோதனையை எடுத்துச் சொல்லி மாத்திரை விற்பவர்கள் சொல்லுவதில்லை.

சோதனைகள் சொல்வது யாது?

குர்க்குமினைப்பற்றி வெளிவந்துள்ள கட்டுரைகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றிற் பெரும்பாலானவை கண்ணாடிக் குப்பியிலும் எலியிலும் செய்யப்பட்டவை. புற்றுநோய் விஷயமாக அமெரிக்காவில் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தினின்று வெளியான பல கட்டுரைகள், அவற்றிலிருந்த படங்களில் ஐயம் எழுந்தமையால், பின்னர்த் திரும்பப் பெறப்பட்டன. 2017-ஆம் வருஷத்தில் மருந்து ரசாயன நிபுணர் சிலர் மனிதரிடத்தில் நடந்த நூற்றிருபதுக்கு மேற்பட்ட சோதனைகளை ஆராய்ந்து, மருந்து இன்னது, வெறும் பொடி இன்னது என்பது வைத்தியருக்கும் நோயாளிக்கும் தெரியாத முறையில் நடந்த சோதனை ஒன்றேனும் குர்க்குமினை ஐயமற வெற்றியுடையதாகக் காட்டவில்லை என்று எழுதினார்கள்.

இதனால் மஞ்சள் பயனற்றது என்று தள்ளிவிடுதலும் நியாயமன்று. தாய்லாந்தில் 2014-ஆம் வருஷத்தில் வெளியான சோதனையில், முழங்கால் மூட்டுவலியுடைய 367 பேருள் ஒரு பகுதியினருக்கு மஞ்சட்சத்து நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராமும், மற்றவர்க்கு ஐபுப்ரோஃபென் என்னும் வலி மாத்திரை 1,200 மில்லிகிராமும் நான்கு வாரம் கொடுக்கப்பட்டன. வலி தணிந்த அளவு இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதே நாட்டில் 2023-இல், வயிற்றெரிச்சலும் அஜீரணமும் உடைய 206 பேரைக்கொண்டு நடந்த மற்றொரு சோதனையில் குர்க்குமின், ஒமிப்ரஸோல் மாத்திரைக்கு ஈடாக நின்றது. இவை சிறிய சோதனைகள். எனினும் நேர்மையான முறையில் நடந்தவை. சுண்ணாம்புத் தொட்டியண்டை நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து முழங்கால் தேய்ந்தவர்களுக்கு முந்தியது கவனிக்கத்தக்க செய்தி. ஆனால் அங்கே கொடுக்கப்பட்டது சமையல் மஞ்சள் அன்று; அளந்து செய்த சத்து; வைத்தியர் மேற்பார்வையில், சில வாரத்திற்கு மட்டும்.

நம் தேசத்தில் 1992-இல் வெளியான வேறொரு முயற்சியையும் இங்கே கூறவேண்டும். சொறிசிரங்குடைய 814 பேருக்கு வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசியதில் நூற்றுக்கு 97 பேருக்கு 3 முதல் 15 நாட்களுக்குள் குணம் கண்டது. கேட்பதற்கு மகிழ்ச்சியே. ஆயினும், ஒன்றும் பூசாமல் குளித்துத் துணியை வெந்நீரிலிட்டுத் துவைத்தவர்கள் எத்தனை பேர் குணமடைவர் என்று ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு கூட்டத்தை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. குணம் தந்தது வேம்போ, மஞ்சளோ, இரண்டுமோ என்பதும் அதனால் தெரியாது. எந்த மருந்தைப்பற்றி எவர் வந்து சொன்னாலும், “யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?” என்று சங்க அங்கத்தினர் ஒரு கேள்வி கேட்டல் நலம்.

காயத்தை ஆற்றும் குணம் மஞ்சளுக்கு உண்டென்பதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழக்கைச் சிலர் சான்றாகக் காட்டுகின்றனர். 1995-ஆம் வருஷத்தில் மிஸ்ஸிஸிப்பி சர்வகலாசாலையைச் சார்ந்த இருவருக்கு, மஞ்சளாற் புண்ணை ஆற்றும் முறைக்குக் காப்புரிமை அளிக்கப்பட்டது. நம் தேசத்து விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் எடுத்துக்காட்டியது. 1997-இல் அது ரத்தாயிற்று. வழக்கு நமக்கு வெற்றியே. ஆனால் அங்கே தீர்மானிக்கப்பட்டது இம்முறை புதிதன்று என்பதே; அது பலன் தருமா என்பதன்று. பாட்டி செய்ததை வேறொருவர் தமது கண்டுபிடிப்பென்று சொல்ல முடியாதென்று சொன்னார்களேயன்றிப் பாட்டியின் வைத்தியத்தை அவர்கள் பரீட்சை செய்யவில்லை.

குரோமுக்கு மஞ்சள் மாற்றாகுமா?

நம் பிரதேசத்தார் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி இதுவே. முதலில், குரோமியம் என்பது ஒரே தன்மையுடையதன்று. டிரம்மிலிட்டுத் தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு பசுமையும் நீலமும் கலந்த நிறமுடையது. ‘வெட் புளூ’ தோலின் நிறம் அதனால் வந்ததே. இது மூவிணைதிற வகை. இதன் கொடுமை குறைவு. எனினும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கரப்பானையும் உண்டாக்கும். மற்றொன்று மஞ்சளும் செம்மஞ்சளுமான குரோமேட், பைகுரோமேட் என்னும் அறுவிணைதிற வகை. இதுவே பெருங்கொடியது. விரலிடுக்கில் ஆறாத குழிப்புண்ணையும், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டையையும் உண்டாக்குவதும், நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரலிற் புற்றுநோயை விளைவிப்பதும் இவ்வகையே. இராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கி 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, அங்குள்ள நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது இதனாலேயே. அது மங்கலமான மஞ்சள் அன்று.

மெக்ஸிகோ தேசத்தில் 2011-ஆம் வருஷத்தில் எலிகளைக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. பைகுரோமேட் கொடுக்கப்பட்ட எலிகளின் சிறுநீரகம் கெட்டது. முன்னரே குர்க்குமின் ஊட்டப்பட்ட எலிகளுக்கு அக்கேடு குறைந்தது. மஞ்சள் குரோம் விஷத்தை முறிக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டக்கூடியவை இத்தகைய சோதனைகளே. இதனை நாம் மறுக்கவில்லை, அளவைமட்டும் பார்ப்போம். எலியின் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 400 மில்லிகிராம் குர்க்குமின் நாள்தோறும் ஊட்டப்பட்டது. அவ்விகிதத்தை அப்படியே 50 கிலோகிராம் எடையுள்ள மனிதனுக்குக் கணக்கிட்டால் 20 கிராம் குர்க்குமின் வரும். நூற்றுக்கு மூன்று பங்கு சத்துள்ள மஞ்சளில் அது 660 கிராமுக்கு மேற்பட்ட பொடி! எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமையைக் கருதி மருந்து நிபுணர் செய்யும் வழக்கப்படி ஆறில் ஒன்றாகக் குறைத்தாலும், நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் குறையாது. ஒரு தம்ளர் பாலில் நாம் இடுவதோ அரைத் தேக்கரண்டி. மேலும், எலிகளுக்கு விஷம் ஊட்டுவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே சத்து கொடுக்கப்பட்டது, விஷமோ ஒரேமுறைதான். தொழிலாளிக்கு அது வருஷக்கணக்காக, தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் சேர்வது.

ஆதலால், கையுறையும், ரப்பர்ப் பாதுகைகளும், முகமூடியும், வேலை முடிந்ததும் கைகால் கழுவ நல்ல நீரும் செய்யக்கூடியதை மஞ்சட்பால் செய்யாது. பாலை அருந்தவேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அருந்திவிட்டோம் என்று கையுறையை மாட்டாது விடுவதே தவறு. விரலிற் குழிப்புண் கண்டால் அதன்மேல் மஞ்சளை அப்பிக் கட்டி மறைத்தல் ஆகாது. கடைப்பொடி கிருமி நீக்கப்பட்டதன்று. மண்ணிலிருந்து வந்த கிழங்கின் தூளே. புண்ணை ஓடும் நீரிற் கழுவி, அன்றே வைத்தியரிடம் காட்டி, இன்ன தொழில் செய்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். தொழிலைச் சொல்லாவிட்டால் வைத்தியர் அதனைச் சாதாரணப் புண்ணென்று கருதக்கூடும்.

மாத்திரைகளைப்பற்றி

உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் வரையில் குர்க்குமினை நாள்தோறும் உட்கொள்ளலாமென்று வரையறுத்துள்ளது. 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 150 மில்லிகிராம். முன்சொன்ன சமையற் கணக்கு 60 மில்லிகிராம், கவலையில்லை. கடையில் விற்கும் மாத்திரையில் பெரும்பாலும் ஒன்றிலேயே 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டு.

இத்தாலி தேசத்தில் 2018, 2019-ஆம் வருஷங்களில் மஞ்சட்சத்து மாத்திரை உண்ட பலருக்குக் கல்லீரல் வீக்கமும் காமாலையும் கண்டன. அமெரிக்காவில் 2022-இல் வெளியான ஓர் அறிக்கை, இவ்விதம் கல்லீரல் கெட்ட பத்துப் பேரைப்பற்றிக் கூறுகிறது. அவர்களுள் ஒருவர் இறந்தார். சிலர் உண்ட மாத்திரையில் மிளகுச்சத்தும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆஸ்திரேலிய அரசாங்கமும் 2023-இல் எச்சரிக்கை வெளியிட்டது. இத்தகைய கேடு அபூர்வமே. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. காமாலை போக மஞ்சள் உண்டவர் கதையை நாம் கேட்டதுண்டு. மஞ்சளால் காமாலை வந்தவர் கதை இதுவே. பித்தப்பையிற் கல் உடையோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் இம்மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் தொடுதல் கூடாது. மிளகுச்சத்து வலிப்பு மருந்து முதலிய சிலவற்றையும் இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சிச் சேரச் செய்யுமாதலால், அம்மருந்து உண்போருக்கும் இதுவே விதி. மாதாமாதம் இதற்குச் செலவிடும் பணத்தைச் சங்கத்தில் சேமிப்பாகக் கட்டினால் அதற்கு வட்டியாவது உண்டு.

உண்மையில் அஞ்சவேண்டியது

இனிச் சொல்லப்போவதை அங்கத்தினர்கள் மிகவும் கவனமாகப் படிக்கவேண்டும். மஞ்சளிலுள்ள சத்தைக் காட்டிலும் மஞ்சளிற் கலக்கப்படும் அசத்தே நம் குழந்தைகளைப் பாதிக்கவல்லது. அறுவடை செய்த கிழங்கை வேகவைத்துப் பத்துப் பதினைந்து நாள் உலர்த்தி, உருளையிலிட்டு மெருகேற்றுவது வழக்கம். மழையில் நனைந்தோ வேக்காடு கெட்டோ நிறம் மங்கிய கிழங்கைப் பளபளப்பாக்க, சில இடங்களில் ஈயக் குரோமேட் என்னும் மஞ்சட் சாயத்தூளைத் தூவுகிறார்கள். இது வண்ணப் பூச்சுகளுக்கென்று ஏற்பட்ட வஸ்து. எடையில் நூற்றுக்கு அறுபத்துநான்கு பங்கு ஈயம். மிச்சத்தில் இருப்பது நாம் மேலே கண்ட அதே அறுவிணைதிறக் குரோமியம். குரோமை முறிக்க மஞ்சள் உண்பவர், மஞ்சளோடு குரோமையே உண்ணும் விபரீதம் இவ்வாறு நேரிடுகிறது.

ஈயம் உடலிற் சேர்ந்தால் எலும்பில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இழந்த புத்திக்கூர்மை திரும்பாது. இவ்வளவு சேரினும் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த 356 மாதிரிகளைச் சோதித்த ஆராய்ச்சி 2024-இல் வெளியாயிற்று. நூற்றுக்குப் பதினான்கு மாதிரிகளில் ஈயம் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. பாட்னாவில் எடுத்த ஒரு மாதிரியில் 2,274 மைக்ரோகிராம்! நம் அரசாங்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 10. அத்தகைய பொடியில் நாளொன்றுக்கு அரைக் கிராம் ஒரு குழந்தையின் சோற்றிற் சேர்ந்தால் உட்செல்லும் ஈயம் ஆயிரத்து நூறு மைக்ரோகிராமுக்கு மேல். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கென வைத்துள்ள ஒப்பீட்டு அளவோ நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம்.

இதனை ஒழிக்க முடியுமா என்றால், முடியும் என்பதற்கு வங்காளதேசம் சாட்சி. அங்கே 1980-களில் பெருவெள்ளத்தால் மஞ்சள் நிறம் மங்கியபோது இவ்வழக்கம் பரவியதாக வியாபாரிகளே கூறினர். 2019-இல் சந்தைகளில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு 47-இல் ஈயம் காணப்பட்டது. அவ்வருஷமே அரசாங்கத்தார் சந்தைகளில் துண்டுப் பிரசுரம் வழங்கினர். கிழங்கைக் கையடக்கக் கருவியால் அங்கேயே சோதித்தனர். குற்றம் செய்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தனர். 2021-இல் அந்த 47 பூஜ்யமாயிற்று. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்தில் இருந்த ஈயமும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. இரண்டே வருஷம், புதிய மருந்து ஒன்றுமில்லை.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது யாதெனில், அங்கத்தினர் குடும்பங்களுக்கு ஒரு வருஷத்திற்கு வேண்டிய மஞ்சளை ஒன்றாகக் கணக்கிட்டு, தை முதல் பங்குனி வரையிலான அறுவடைக் காலத்தில், ஈரோடு முதலிய இடங்களில் ஏலம் நடத்தும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களின் மூலமாக, மெருகேற்றாத விரலி மஞ்சளாகவே வாங்கி, ஊர் மாவுமில்லில் அரைத்துப் பங்கிட்டுக்கொள்வதாகும். பொட்டலமின்றிக் குவித்து விற்கும் பொடியையும், கண்ணைப் பறிக்கும் பளபளப்புள்ள கிழங்கையும் தவிர்க்கவேண்டும். கிழங்கை ஒரு தம்ளர் நீரில் அசையாது இட்டுப் பார்க்கலாம். நல்ல கிழங்கு எளிதில் நிறம் விடாது. சாயம் பூசியதாயின் நீர் உடனே பளிச்சென்று மஞ்சளாகும். பொடியாயின் ஒரு தேக்கரண்டியை நீரில் இட, நல்லது இளமஞ்சள் நிறங்காட்டி அடியிற் படியும். கலப்படமானது அடர்ந்த நிறங்காட்டும். இவை ஐயத்தை எழுப்பும் சோதனைகளேயன்றித் தீர்ப்பல்ல. இதிற் சுத்தமாகத் தோன்றியதிலும் சிறிதளவு ஈயம் இருக்கக்கூடும். ஐயம் எழுந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் மாதிரியைக் கொடுத்து ரசாயனச் சோதனை கோரலாம். அங்கத்தினர் தனித்தனியே கோருவதைவிடச் சங்கத்தின் பெயரால், தீர்மானம் நிறைவேற்றிக் கோருவது உசிதம்.

முதல் வருஷத்தில், மெருகேற்றாத மஞ்சளின் நிறம் கண்டு வீட்டில் முகஞ்சுளிப்பு உண்டாகலாம். அது தவிட்டு நிறமாய், மண் ஒட்டியதுபோல, சுருங்கித்தான் இருக்கும். ஒரு விரலியை எடுத்து முறித்துக் காட்டினால் உட்புறத்து நிறம் தெரியும்.